48 வோல்ட் வண்டியில 60 வோல்ட் பேட்டரி: 3,200 ரூபாய் ஆசை, 86,800 ரூபாய் பில்



வழக்கமா இங்க எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், டாக்ஸ் ரெஜிம்னு பேசுவோம். இன்னைக்கு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கன்ட்ரோலர். "அண்ணா, சேனல் மாறி வந்துட்டோமா"ன்னு கேக்காதீங்க. கடைசி வரைக்கும் படிச்சா, இது முழுக்க முழுக்க பணக் கணக்குன்னு உங்களுக்கே புரியும்.

என் சித்தப்பா பையன் ஒரு கம்பெனியில வேலை பாக்குறான். கைக்கு வர்ற சம்பளம் 32,000. ஆபீஸ் 8 கிலோமீட்டர். பழைய லோ ஸ்பீட் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒண்ணு வாங்கினான்: பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், 25 கிலோமீட்டர் வேகம். சீட்டுக்கு அடியில நாலு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, மொத்தம் 48 வோல்ட்.

ரெண்டு மாசம் ஓட்டினான். மேம்பாலத்துல பின்னாடி வர்றவங்க எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க. அப்போ யாரோ சொல்லியிருக்காங்க: "இன்னொரு 12 வோல்ட் பேட்டரியை சீரிஸ்ல சேர்த்துடு, 60 வோல்ட் ஆயிடும், வண்டி பறக்கும்." எனக்கு போன் பண்ணினான். "அண்ணா, ஒரே ஒரு பேட்டரி தானே, 3,200 ரூபாய். பெட்ரோல் வண்டி வாங்கறதை விட இது லாபம் தானே?"

நான் அன்னைக்கு ஒரு கேள்வி கூட திருப்பிக் கேக்கல. "பாத்துப் பண்ணுடா"ன்னு சொல்லி போனை வச்சுட்டேன். அதுல இருந்துதான் இந்தப் பதிவு.

முன்னாடியே சொல்லிடறேன்: நான் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், எலக்ட்ரிகல் இன்ஜினியர் இல்ல. ஆனா இதுல வர்ற கணக்கு பெருக்கல், வகுத்தல் மட்டும்தான்.

வோல்டேஜ் ஏத்தினா என்ன கிடைக்கும்?

முதல்ல நியாயமா நல்லதைச் சொல்லிடுவோம். ஹாபியா எலக்ட்ரிக் வண்டி கட்டுறவங்க உலகம் முழுக்க வோல்டேஜை ஏத்துறாங்க. அதுக்கு உருப்படியான காரணங்கள் இருக்கு.

ஒண்ணு, வேகம். இந்த வகை மோட்டாரோட சுத்து வேகம் ஏறக்குறைய வோல்டேஜுக்கு நேர் விகிதம். 48ல இருந்து 60 போனா 25 சதவீதம் கூடும்.

ரெண்டு, சூடு குறையும். பவர்ங்கறது வோல்டேஜ் பெருக்கல் கரன்ட். 1,440 வாட் வேணும்னா 48 வோல்ட்ல 30 ஆம்பியர் இழுக்கணும். 60 வோல்ட்ல 24 ஆம்பியர் போதும். பேட்டரி வயர்ல உண்டாகுற சூடு கரன்ட்டோட வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால அதே பவருக்கு வயர் சூடு 36 சதவீதம் குறையுது. பெரிய எலக்ட்ரிக் கார்கள் எல்லாம் பல நூறு வோல்ட்ல ஓடுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக ஐடியா தப்பில்ல. ஆனா அந்த வோல்டேஜைத் தாங்குற மாதிரி மொத்த சிஸ்டமும் இருக்கணும். என் தம்பி மாத்தினது பேட்டரியை மட்டும்.

48 வோல்ட்ங்கறது சிடிசி மாதிரி

உங்க ஆஃபர் லெட்டர்ல சிடிசி ஒண்ணு இருக்கும், கைக்கு வர்றது வேற ஒண்ணா இருக்கும் இல்லையா? பேட்டரி மேல எழுதியிருக்கற வோல்டேஜும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், இங்க நிஜத் தொகை பேப்பர்ல இருக்கறதை விட அதிகமா வரும்.

- 48 வோல்ட் லித்தியம் அயான் பேக், 13 செல் வரிசை: முழு சார்ஜ்ல 54.6 வோல்ட்.
- 60 வோல்ட் பேக், 16 செல் வரிசை: முழு சார்ஜ்ல 67.2 வோல்ட். 17 செல் வச்சா 71.4.
- 72 வோல்ட் பேக், 20 செல் வரிசை: முழு சார்ஜ்ல 84 வோல்ட்.
- 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி: சார்ஜரைக் கழட்டின கையோட பாத்தா 13 வோல்ட்டுக்கு மேலயே காட்டும். கொஞ்ச நேரம் கழிச்சு 12.7 பக்கம் வந்து நிக்கும்.

இப்போ தம்பி வண்டிக்கு வருவோம். அஞ்சு பேட்டரி, ஒவ்வொண்ணும் 13.2ன்னு வச்சா 66 வோல்ட். காலையில சார்ஜர்ல இருந்து எடுத்து நேரா ஆபீஸ் கிளம்புற நேரத்துல கன்ட்ரோலருக்குப் போற வோல்டேஜ் இதுதான்.

கன்ட்ரோலரைத் திறந்து பாத்தா உள்ள உருண்டையா கெப்பாசிட்டர் இருக்கும். அது மேல தாங்கும் வோல்டேஜ் அச்சடிச்சிருக்கும். 48 வோல்ட் கன்ட்ரோலர்கள் பலதுலயும் அது 63 வோல்ட். நாலு பேட்டரி இருந்தப்போ 52.8 வோல்ட் போச்சு, 10 வோல்ட் இடைவெளி இருந்துச்சு. அஞ்சாவது சேர்ந்த உடனே வரம்பையே 3 வோல்ட் தாண்டியாச்சு.

அந்த 10 வோல்ட் இடைவெளி சும்மா இருக்கற இடம்னு நினைக்காதீங்க. கன்ட்ரோலருக்குள்ள மாஸ்ஃபெட்னு ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யற பாகங்கள் இருக்கு. அது ஒரு செகண்டுல ஆயிரக்கணக்கான தடவை ஆன், ஆஃப் ஆகும். ஒவ்வொரு தடவை ஆஃப் ஆகும்போதும் வயர்ல ஓடிக்கிட்டிருந்த கரன்ட் சட்டுனு நிக்க முடியாம, வோல்டேஜ் ஒரு நொடித்துளி எகிறி இறங்கும். மல்டிமீட்டர்ல அது தெரியாது. அந்த எகிறலைத் தாங்கத்தான் இடைவெளி விட்டிருக்காங்க.

ஸ்வீடன் இன்ஜினியர் பெஞ்சமின் வெடர் உருவாக்கின விஇஎஸ்சிங்கற ஓப்பன் சோர்ஸ் கன்ட்ரோலரை ஹாபி ஆளுங்களுக்கு நல்லாத் தெரியும். அதோட 60 வோல்ட் மாடலுக்கு சிபாரிசு பண்றது 12 செல் வரிசை வரைக்கும்தான். 12 செல் முழு சார்ஜ்ல 50.4 வோல்ட். 60 தாங்கும், ஆனா 50லேயே நிறுத்திக்கோங்கன்னு அர்த்தம். 

நம்ம பாஷையில இதுதான் எமர்ஜென்சி ஃபண்ட். மாசச் செலவுக்கு அதைத் தொடலையேன்னு அது வேஸ்ட்னு சொல்லுவோமா?

மேல மட்டும் இல்ல, கீழயும் பிரச்சனை

48 வோல்ட் லெட் ஆசிட் வண்டியோட கன்ட்ரோலர் ஏறக்குறைய 42 வோல்ட்ல தானா வண்டியை நிறுத்திடும். பேட்டரிக்கு 10.5 வோல்ட், நாலுக்கு 42. அதுக்குக் கீழ இறக்கினா பேட்டரி கெட்டுடும், அதான் பாதுகாப்பு.

அஞ்சு பேட்டரி போட்டா கன்ட்ரோலர் 52.5ல நிறுத்தணும். ஆனா அதுக்கு அது தெரியாதே! பழைய 42க்காகத்தான் காத்துக்கிட்டிருக்கும். 42ஐ அஞ்சால வகுத்தா 8.4. அதாவது ஒவ்வொரு பேட்டரியையும் 8.4 வோல்ட் வரைக்கும் உறிஞ்சி எடுக்கும். அதுலயும் நாலு பழசு, ஒண்ணு புதுசு. வலு இல்லாத பழசுதான் முதல்ல சாகும். 3,200 ரூபாய்ல ஒரு பேட்டரி வாங்கி, ஏற்கனவே இருந்த நாலையும் சீக்கிரமா சாகடிக்கிற டீல் இது.

இதுல சார்ஜரும் உதவாது. 48 வோல்ட் சார்ஜர் அஞ்சு பேட்டரியை முழுசா ஏத்தாது. தம்பி அஞ்சாவதைத் தனியா ஒரு 12 வோல்ட் சார்ஜர்ல போட்டுக்கிட்டிருந்தான். லைட்டுக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் தர்ற கன்வெர்ட்டரும் 48க்காக வந்ததுதான்.

அன்னைக்கு என்ன நடந்துச்சு?

பதினேழு நாள் நல்லா ஓடிச்சு. "சூப்பர்ணா, இப்போ 30க்கு மேல போகுது"ன்னு வாட்ஸ்அப்ல வீடியோ எல்லாம் அனுப்பினான்.

பதினெட்டாவது நாள் காலையில, மேம்பாலத்து இறக்கத்துல கன்ட்ரோலர்ல மாஸ்ஃபெட் போயிடுச்சு. இது போகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும். அப்போ மோட்டார் சும்மா சுத்தாது, பிரேக் பிடிச்ச மாதிரி இழுக்கும். வண்டி ஓடும்போதே பின் சக்கரம் இறுகினா எப்படி இருக்கும்? தம்பி கீழ விழுந்தான். பின்னாடி பைக்ல வந்த டெலிவரி பண்ற ஒருத்தர் அவன் மேல ஏத்தக் கூடாதுன்னு ஒடிச்சாரு, அவரும் விழுந்தாரு. அவருக்குக் காலர் எலும்பு முறிவு.

அந்த மனுஷனுக்கு ரெண்டு மாசம் வேலை இல்ல. ஒருநாள் ஓடினாத்தான் அன்னைக்கு வருமானம்ங்கற குடும்பம். ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் உக்காந்து பேசி, மருத்துவச் செலவும் விட்ட சம்பாத்தியமும் சேர்த்து 70,000 கொடுத்தோம். அவர் அதோட விட்டது அவரோட பெரிய மனசு.

கணக்கு இதோ:

- அஞ்சாவது பேட்டரி: 3,200
- புது கன்ட்ரோலர்: 2,800
- அடிபட்டவருக்கு: 70,000
- தம்பியோட மருத்துவச் செலவு: 6,500
- நாலு நாள் சம்பளப் பிடித்தம்: 4,300
- மொத்தம்: 86,800

அவன் சம்பளத்துல 2.7 மாசம். அஞ்சு வருஷ இன்சூரன்ஸோ, கம்பெனி பாலிசியோ இதுல ஒரு ரூபாய் கூடத் தரல. ஏன்னு பாப்போம்.

25 தாண்டினா வண்டியோட ஜாதகமே மாறுது

லோ ஸ்பீட் வண்டிக்குப் பதிவு வேண்டாம்னு சொல்றாங்க இல்லையா, அது எங்க இருந்து வருது? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல இருந்து. மோட்டார் பவர் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25 கிலோமீட்டருக்குள்ள, பேட்டரி இல்லாம எடை 60 கிலோவுக்குள்ள. இந்த எல்லைக்குள்ள இருந்தாத்தான் அது சட்டப்படி "மோட்டார் வாகனம்" இல்ல.

25 கிலோமீட்டர் வண்டியில வோல்டேஜ் 25 சதவீதம் ஏறினா வேகம் 31 ஆகுது. அந்த நிமிஷமே சலுகை போச்சு. இப்போ அது பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவைக்கு: பதிவு இல்லாம ஓட்டினா 5,000 வரை, லைசென்ஸ் இல்லன்னா 5,000, இன்சூரன்ஸ் இல்லன்னா 2,000 அல்லது 3 மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும்.

அபராதம் கூட சின்ன விஷயம். பெரிய விஷயம் மூணாம் நபர் இழப்பீடு. விபத்துல இன்னொருத்தருக்கு உயிரோ உறுப்போ போனா, தீர்ப்பாயம் அவரோட வயசு, வருமானம், குடும்பத்தை வச்சுக் கணக்கு போடும். உங்க சம்பளத்தை வச்சு இல்ல. இன்சூரன்ஸ் இல்லன்னா அந்தத் தொகை முழுக்க உங்க தலையில. கம்பெனி தர்ற மெடிக்கல் இன்சூரன்ஸ் உங்களுக்கும் உங்க குடும்பத்துக்கும் மட்டும்தான். ரோட்ல அடிபட்ட இன்னொருத்தருக்கு அது வராது.

"என்னோடது ஆர்சி இருக்கற வண்டி அண்ணா, இன்சூரன்ஸும் இருக்கு"ன்னு சொல்றீங்களா? உங்களுக்கு வேற சட்டப் பிரிவு. ஆர்சியில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு பிரிவு 52 சொல்லுது. மீறினா பிரிவு 182ஏ படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதம், அல்லது 6 மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். உங்க வண்டி சேதத்துக்கான க்ளைமை நிராகரிக்க கம்பெனிக்குக் காரணம் கையில கொடுத்த மாதிரியும் ஆயிடும். வாரன்டி புக்லெட்டை எடுத்துப் பாருங்க, மாற்றம் பண்ணினா வாரன்டி இல்லன்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்.

ஒரு சின்னத் தகவல். எலக்ட்ரிக் டூவீலருக்கு மூணாம் நபர் பிரீமியம் மோட்டாரோட கிலோவாட்டை வச்சுத்தான். 2022 ஜூன்ல வந்த கட்டணப்படி 3 கிலோவாட் வரை வருஷத்துக்கு 457 ரூபாய், 3ல இருந்து 7 வரை 607. நடுவுல வெறும் 150 ரூபாய் வித்தியாசம். முறையா வேகமான வண்டி வாங்கினா அதுக்கான பாதுகாப்புக்கு ஆகுற கூடுதல் செலவு இவ்வளவுதான்.

சரி, லாபம் எவ்வளவு இருந்துச்சு?

நேரத்துல பாப்போம். 8 கிலோமீட்டரை 25ல போனா 19 நிமிஷம். 31ல போனா 15 நிமிஷம் சொச்சம். சிக்னலே இல்லாம போனா கூட மிச்சம் 4 நிமிஷம்.

ரேஞ்ச்? பேட்டரியில இருக்கற மொத்த எனர்ஜி வோல்ட் பெருக்கல் ஆம்பியர் அவர். 48 வோல்ட் 24 ஆம்பியர் அவர்னா 1,152 வாட் அவர். 60 வோல்ட் 24 ஆம்பியர் அவர்னா 1,440. 25 சதவீதம் கூடுது. ஆனா வேகமும் கூடினதால, காத்தை எதிர்க்க ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகுற எனர்ஜி 56 சதவீதம் கூடுது. டயர் உராய்வு மாதிரி மத்த இழப்பு அப்படி ஏறாது. மொத்தத்துல நீங்க நினைச்ச ரேஞ்ச் கிடைக்காது.

இப்போ இதைப் பாருங்க: 48 வோல்ட் 30 ஆம்பியர் அவர். அதுவும் 1,440 வாட் அவர் தான்! வேகம் மாறல, கன்ட்ரோலர் மாறல, கன்வெர்ட்டர் மாறல, சட்டமும் மாறல. உங்களுக்கு வேண்டியது ரேஞ்ச்தான்னா ஆம்பியர் அவர் வாங்குங்க, வோல்ட் வாங்காதீங்க. அதுவும் கம்பெனி சொன்ன பேட்டரியா, வாரன்டி போகாதான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

முறையா பண்ணினா எவ்வளவு ஆகும்?

"இல்லண்ணா, எனக்கு இது ஹாபி. காலேஜ் ப்ராஜெக்ட், கோ-கார்ட், தனியார் இடத்துல மட்டும்தான் ஓட்டுவேன்"னா சந்தோஷம். ஹாபி தப்பில்ல. பட்ஜெட்டை மட்டும் முழுசா போடுங்க. கீழ இருக்கறது கணக்குக்காக நான் வச்ச விலை, உங்க ஊர்க் கடையில விசாரிச்சு மாத்திக்கோங்க.

- 60 வோல்ட் 24 ஆம்பியர் அவர் லித்தியம் பேக், பிஎம்எஸ் உட்பட: 24,000
- சரியான வோல்டேஜ் கன்ட்ரோலர்: 4,500
- 60 வோல்ட் சார்ஜர்: 2,500
- 12 வோல்ட் கன்வெர்ட்டர்: 800
- ஃபியூஸ், கனெக்டர், வயர்: 1,500
- கூலி: 2,000
- மொத்தம்: 35,300

3,200ன்னு ஆரம்பிச்ச கதை 35,300ல நிக்குது. இந்தப் பட்டியலைப் போடும்போது கடைக்காரர்கிட்ட கேக்க வேண்டிய ஆறு கேள்வி:

1. முழு சார்ஜ்ல என் பேக் எத்தனை வோல்ட்? 60ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, 67.2 மாதிரி நிஜ எண் வேணும்.
2. கன்ட்ரோலருக்குள்ள கெப்பாசிட்டரும் மாஸ்ஃபெட்டும் எத்தனை வோல்ட் தாங்கும்? முதல் எண்ணுக்கும் இதுக்கும் நல்ல இடைவெளி இருக்கா?
3. எத்தனை வோல்ட்ல கன்ட்ரோலர் தானா நிறுத்தும்? அது புது பேட்டரிக்குப் பொருந்துதா?
4. ஃபியூஸ் டிசிக்கானதா? வீட்டு ஏசி எம்சிபியைப் போட்டா, டிசியில தீப்பொறி அணையாம நின்னு எரிய வாய்ப்பு இருக்கு.
5. பேட்டரியை இணைக்கும்போது பெரிய தீப்பொறி வராம இருக்க ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் இருக்கா? கெப்பாசிட்டர்ல சேர்ற எனர்ஜி வோல்டேஜோட வர்க்கம். 54.6ல இருந்து 84 போனா அது 2.4 மடங்கு.
6. சர்வதேச வாகனப் பாதுகாப்பு விதிகள்ல 60 வோல்ட் டிசிக்கு மேல போனாலே "ஹை வோல்டேஜ்" வகை. 72 வோல்ட் பேக் அந்தக் கோட்டைத் தாண்டினது. அதைக் கட்டுறவருக்கு இன்சுலேஷன் பத்தித் தெரியுமா?

ஆறுக்கும் எண்ணோட பதில் வரலன்னா பணத்தைப் பாக்கெட்லயே வைங்க.

தம்பி இப்போ என்ன பண்றான்?

அந்த வண்டியில அஞ்சாவது பேட்டரியைக் கழட்டியாச்சு. அவங்க அப்பா காய்கறி வாங்க 25லயே ஓட்டுறாரு. தம்பி பஸ் பாஸ் எடுத்துட்டான். எமர்ஜென்சி ஃபண்டுக்கு மாசம் 6,000 தனியா போடறான், பழைய நிலைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்கப்புறம்தான் பதிவு செஞ்ச எலக்ட்ரிக் ஸ்கூட்டர், முழு இன்சூரன்ஸோட.

போன வாரம் அந்த டெலிவரி அண்ணன் திரும்ப வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டாருன்னு தம்பி போன் பண்ணினான். அடுத்து சொன்னான்: "அண்ணா, அவரு பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுற மாசம்ணா அது. எனக்கு அது அன்னைக்குத் தெரியாது."

எந்த மாடிஃபிகேஷனும் வாங்கற விலையில முடியறதில்ல. அது தப்பாப் போனா யார் கையில பில் போகும்னு கேட்டுட்டு அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுங்க. அன்னைக்கு என் தம்பிகிட்ட நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

மல்டிமீட்டர் வச்சு முழு சார்ஜ் வோல்டேஜ் எப்படிப் பாக்கறதுன்னு இந்த வார வீடியோல காட்டியிருக்கேன். உங்க வண்டி ஆர்சியையும் பாலிசியையும் எடுத்து, கிலோவாட் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கான்னு இன்னைக்கே ஒரு தடவை பாத்துடுங்க. மாத்தம் இருந்தா கமென்ட்ல கேளுங்க, பதில் சொல்றேன்.

அடுத்த வாரம் ஃபார்ம் 16ல பாப்போம். பத்திரமா ஓட்டுங்க!